புட்டி திருந்திய கதை

அந்தத் தெருவில் யாரைப் பற்றி வேண்டுமானாலும் இரண்டு அபிப்பிராயம் இருக்கும். புட்டியைப் பற்றி மட்டும் ஒன்றுதான். அவர் என்ன குடிப்பார், எங்கே குடிப்பார், குடித்தபின் எந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று யாரைக் கேட்டாலும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். இந்த விவரமெல்லாம் தெரியாத ஒரே ஆள் புட்டிதான். ஏனென்றால் அந்த மனிதர் அதுவரை ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. இருமல் மருந்தையே மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறவர்.

மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுவது அவர் தொழில். கதவோ மேஜையோ அலமாரியோ, எதுவானாலும் உப்புத்தாளால் தேய்த்து, ஓட்டை ஒடிசலைப் பட்டி வைத்து அடைத்து, மேலே அரக்குப் பாலிஷ் ஏற்றுவார். அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டால் மறுநாள் கரைந்து பழுப்பாக நிற்கும். பஞ்சைத் துணியில் சுற்றி உருண்டையாக்கி, அதில் தோய்த்து, மரத்தின்மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு கை, அதாவது ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு கை, அதன்மேல் இன்னொரு கை. காயாத பாலிஷின்மேல் துளி தூசி உட்கார்ந்தாலும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அதனால் வேலை தொடங்கும்போதே ஜன்னலைச் சாத்துவார், கதவைச் சாத்துவார், மின்விசிறியை நிறுத்துவார்.

மூடிய அறைக்குள் நாள் முழுக்க ஸ்பிரிட் ஆவியை இழுத்துக்கொண்டு நின்றால் மனிதனுக்கு என்ன ஆகும்? கண் சிவக்கும், தலை கிறுகிறுக்கும். சாயங்காலம் வெளியே வந்து முதல் காற்று முகத்தில் பட்டதும், ஒரு காலை எடுத்து வைக்கச் சொன்னால் இன்னொரு கால் போகும். சட்டையில் ஏறிய வாசனை எத்தனை முறை துவைத்தாலும் இறங்காது.

இது போதாதென்று பாட்டில் வேறு. பாலிஷைத் தகர டப்பாவில் வைத்தால் கறுத்துவிடும். கண்ணாடிதான் வேண்டும், மூடியும் இறுக்கமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிட் பறந்துவிடும். அப்படிப்பட்ட பாட்டில்கள் சும்மா கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, மதுக்கடையின் பின்பக்கம். பாலிஷ் தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் அங்கேதான் பொறுக்குவார்கள். ஆக, பிராந்தி பாட்டில்; உள்ளே பிராந்தி நிறத்தில் ஒரு திரவம்; பக்கத்தில் கண் சிவந்த ஒரு மனிதர், சுவரைப் பிடித்தபடி. இதற்குமேல் ஊருக்கு என்ன சாட்சி வேண்டும்? கடவுளே இறங்கிவந்து இல்லையென்று சொன்னாலும், "நீங்க சும்மா இருங்க, உங்களுக்கு இவனைப் பத்தித் தெரியாது" என்பார்கள்.

பெயர் சூட்டிய பெருமை, எதிரே இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளரைச் சேரும். ஓய்வுபெற்ற அதிகாரி. என்ன அதிகாரி என்று யாருக்கும் தெரியாது. நடை அப்படி, தொண்டைச் செருமல் அப்படி. அதனால் யாரும் கேட்டதில்லை. அவர் வீட்டு அலமாரிக்கு முதல் கை போட்டுவிட்டு நம் பாலிஷ்காரர் வெளியே வந்து, படிக்கட்டுச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். செயலாளர் அவரைப் பார்த்தார். அவர் பையைப் பார்த்தார். பைக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்த பாட்டிலைப் பார்த்தார்.

"என்னப்பா, பட்டப்பகல்லயேவா?"

"ஐயோ சார், இது பாலிஷ்."

"ஆமாமா, பாலிஷ்தான். எங்க ஆபீஸ்லயும் நிறைய பேரு இந்தப் பாலிஷ் போட்டவங்கதான்" என்று செயலாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். "வேலை நல்லாத்தான் செய்யற. இந்தப் புட்டியை மட்டும் விட்டுடு."

அவ்வளவுதான். மறுநாள் டீக்கடைக்காரர் வாயில் அது 'புட்டி' ஆகி, ஒரு வாரத்தில் தெரு முழுக்கச் சுற்றி, அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயரைத் துரத்திவிட்டது. தபால்காரரே வாசலில் நின்று, "இது புட்டி வீடுதானே?" என்று கேட்டார். அந்த மனிதர் வேறு என்ன செய்வார், ஆமாம் என்று தலையாட்டிக் கையை நீட்டினார்.

ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் அதன்பிறகு எல்லாமே அதற்குப் பொருந்திவிடுகிறது, அதுதான் வேடிக்கை. புட்டி தள்ளாடினால், "பாத்தியா?" நேராக நடந்தால், "எவ்வளவு குடிச்சாலும் ஸ்டெடியா நடக்கறான்யா, பழக்கம்!" நான் குடிப்பதில்லை என்று சொன்னால், "எந்தக் குடிகாரன்தான் ஒத்துக்குவான்?" சொல்லாமல் இருந்தால், "பாவம், குற்ற உணர்ச்சி." ஒருநாள் வயிற்றுக்கடுப்பென்று வேலைக்குப் போகாமல் படுத்திருந்தார். ராத்திரி அளவு மீறிவிட்டதாக டீக்கடையில் முடிவானது. அளவையும் அவர்களே சொன்னார்கள்.

பாட்டிலில்தானே வினை, அதை மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று ஒருநாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. காலியான தேன் பாட்டில் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கழுவிக் காயவைத்து, பாலிஷை அதில் ஊற்றிக்கொண்டு கிளம்பினார். டீக்கடைக்காரர் அதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவர் காதைக் கடித்தார்: "எப்படி முன்னேறிட்டான் பாரு. தேன் பாட்டில்ல ஒளிச்சு எடுத்துட்டுப் போறான்." அதுவரை வெறும் குடிகாரனாக இருந்தவர் அன்றுமுதல் திருட்டுத்தனமாகக் குடிக்கிறவரானார். மறுநாளே பிராந்தி பாட்டிலுக்குத் திரும்பிவிட்டார். அதிலாவது ஒரு நேர்மை இருந்தது.

அடுத்து வந்தது மூக்கு. புட்டியிடம் பேசுகிறவர்கள் முதலில் லேசாக முன்னால் சாய்வார்கள், மூக்கு ஒருமுறை விடைக்கும், அதன்பிறகுதான் வாய் திறக்கும். தெருவில் யாருக்கும் தாங்கள் முகர்வதே தெரியாது. புட்டிக்கு மட்டும் ஒவ்வொரு மூக்கும் தனித்தனியாகத் தெரியும். செயலாளர் இதை ஒரு முறையாகவே ஆக்கிவிட்டார். குடியிருப்புக்குள் வேலைக்கு வரும்போதெல்லாம் காவலாளி அவரைச் சோதித்துத்தான் விடவேண்டும்.

"ஊதுங்க."

"சட்டை வாசனைண்ணே. நேத்து வேலை செஞ்ச சட்டை."

"சட்டையை நான் கேட்டேனா? ஊதுங்க."

புட்டி மோவாயைத் தூக்கி, வாயைத் திறந்து, காவலாளி முகத்துக்கு நேராக ஊதுவார். காவலாளி கண்ணை மூடி, ஏதோ பெரிய நிபுணர்போல யோசித்துவிட்டு, "சரி, உள்ள போங்க" என்பார். பாவம், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முகரச் சொன்னார்கள், முகர்ந்தார். நாளாவட்டத்தில் புட்டிக்கு இது எவ்வளவு பழகிவிட்டதென்றால், காவலாளி கேட்பதற்கு முன்பே மோவாய் தானாக மேலே எழும்பிவிடும்.

இத்தனை மூக்குகளுக்கு நடுவே முகராத மூக்கு ஒன்று இருந்தது. அது அவர் மனைவியுடையது. வீட்டிலிருந்தே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். புட்டி சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். அவள் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கி, "வந்துட்டீங்களா? முதல்ல காத்தாட உக்காருங்க" என்பாள், அவ்வளவுதான். குழாயடியில் யாராவது வாயைத் திறந்தால் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வரிந்து கட்டிக்கொண்டு நிற்பாள். "என் புருஷன் குடிக்கிறதில்லை. உங்க மூக்கு ஊர் வேலை பாக்குதுன்னா அதுக்கு நான் என்ன பண்ண?" என்பாள். பக்கத்து வீட்டு அக்கா, "பாவம், இவளுக்கு இன்னும் தெரியலை பாரு" என்று பரிதாபப்படுவாள். அந்தப் பரிதாபத்தைவிட இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

ஒருநாள் புட்டி அவளிடம் கேட்டுவிட்டார். "ஊரே மோந்து பாக்குது. நீ ஒரு தடவைகூட மோந்ததில்லையே, ஏன்?"

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "எதுக்கு? நீங்கதான் குடிக்கலைன்னு சொன்னீங்களே" என்றாள்.

 புட்டி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகட்டும், இந்த ஒருத்தி போதும் என்று அன்று முடிவு செய்தார். அப்படித்தான் நாட்கள் ஓடின.

ஆனால் ஒருத்தி போதும் என்பது வீட்டுக்குள் செல்லுபடியாகும். வேலைக்குப் போகிற இடத்தில் செல்லுபடியாகாது. சங்கக் கூட்டத்தில் செயலாளர் எழுந்து, இத்தனை குடும்பங்கள், இத்தனை குழந்தைகள் இருக்கிற இடத்தில் இப்படிப்பட்டவரை உள்ளே விடுவது சரியா என்று நெஞ்சில் கை வைத்துக் கேட்டார். எல்லாரும் நெஞ்சில் கை வைத்துச் சரியில்லை என்றார்கள். யாராவது ஒருவர், அந்த ஆள் யாரையாவது திட்டினாரா, எதையாவது உடைத்தாரா, ஒரு கதவையாவது கெடுத்தாரா என்று கேட்டிருக்கலாம். அத்தனை கைகளும் நெஞ்சில் இருந்ததால் கேட்பதற்கு யாரும் கை தூக்கவில்லை. புட்டியின் பாதி வேலை அன்றோடு போயிற்று. மீதிப் பாதி, அடுக்குமாடிக்காரர்களே வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம் என்பதால் போயிற்று.

அந்த நேரத்தில்தான் மச்சான் புது வீடு கட்டி முடித்தார். மனைவியின் அண்ணன். அந்த வீட்டு வாசல் கதவுக்குப் பாலிஷ் போட்டது புட்டிதான், தங்கை வீட்டுச் சீர் என்று ஒரு பைசா வாங்காமல். குடிபுகுந்த அன்று வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கதவின்முன் நின்று, தங்கள் முகத்தை அதில் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்கள். "யாரு பாலிஷ்?" என்று கேட்டவர்களிடம் மச்சான், "தெரிஞ்ச ஆளு ஒருத்தர்" என்றார்.

தெரிந்த ஆள் கை சும்மா இருக்காமல், தண்ணீர் டம்ளர்களைத் தட்டில் அடுக்கித் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். மச்சான் ஓடிவந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"மாப்ளே, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? பெரிய மனுஷங்க வந்திருக்காங்க. கீழ போட்டு உடைச்சிட்டா அசிங்கமாயிடும்."

"நான் ஏன் மச்சான் கீழ போடப்போறேன்?"

"சண்டை வேணாம். பின்னாடி காத்தாட நாற்காலி கிடக்கு, போய் உக்காருங்க" என்று சொல்லும்போதே மச்சானின் மூக்கு ஒருமுறை விடைத்து அடங்கியது.

புட்டி பின்பக்கம் போய், அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை உருவிப்போட்டு உட்கார்ந்தார். அவமானத்தில் காது சுட்டது. மனைவி சமையல் கட்டில் இருந்தாள்; கூப்பிட்டுச் சொல்லலாம் என்று எழுந்து, அவள் அண்ணன் வீட்டு நல்ல நாளைக் கெடுப்பானேன் என்று மறுபடி உட்கார்ந்தார். அப்போது மாடி ஜன்னலிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அட, நம்ம புட்டி! அங்க ஏன்யா தனியா உக்காந்திருக்கீங்க? மேல வாங்க!"

மாடி அறையில் மச்சானின் நண்பர்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். மச்சானும் நடுநடுவே வந்து ஒரு மடக்கு குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு கீழே போய் விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தார். அவர் குடித்தால் அது பழக்கவழக்கம். சமூகத்தில் நாலு பேரோடு இருக்கிறவர் செய்கிற காரியம். அவர் யார் முன்னாலும் ஊதிக்காட்ட வேண்டியதில்லை. புட்டி வாசலில் தயங்கி நின்றதும் அத்தனை பேரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருவர் தன் நாற்காலியையே கொடுத்தார்.

"உங்களைப் பத்தி நிறைய கேள்விப்பட்டிருக்கோம். ஒருநாளும் எங்ககூட உக்காந்ததில்லையே!"

"கீழ வாசல் கதவு நீங்க பண்ணதாமே? அசத்திட்டீங்க போங்க!"

யாரும் அவரை முகரவில்லை. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு வெளியார் ஒருவர் அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார், வேலையைப் பாராட்டினார், தோளில் கை போட்டார். ஊரிலேயே அவர் குடிப்பதைப் பற்றிக் கவலைப்படாத இடம் அந்த அறை ஒன்றுதான். அங்கே ஒரு கண்ணாடி டம்ளர் அவர் கைக்கு வந்தது. பழுப்பு நிறம். பார்ப்பதற்கு அச்சு அசல் பாலிஷ்.

நான் குடிப்பதில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொன்னால் இவர்களும் சிரிப்பார்கள், பிறகு இந்த நாற்காலியும் போய்விடும். தவிர, அவருக்குத் திடீரென்று ஒரு கணக்கு உறைத்தது. அவமானப்பட்டாயிற்று, பெயர் போயாயிற்று, வேலை போயாயிற்று. தண்டனை முழுவதையும் முன்கூட்டியே அனுபவித்து முடித்தாயிற்று. குற்றத்தை மட்டும் ஏன் பாக்கி வைக்கவேண்டும்? மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். அறையில் எல்லாரும் கை தட்டினார்கள்.

மனைவி பாத்திரம் கழுவிக் கொடுப்பதற்காக அன்று அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். புட்டி தனியாக வீடு திரும்பினார். வழியில் டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. அவருக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது?

அதன்பிறகு நடந்தது வெகு சுலபம். பாலிஷ் வேலை இல்லாததால் புட்டி ஒரு நாற்காலிக் கடையில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனார். நல்ல காற்றோட்டமான வேலை. சாயங்காலம் மாடி அறை நண்பர்களோடு உட்கார்ந்து கொஞ்சம் குடிப்பார். நிஜமாகக் குடிக்கிறவருக்குத்தானே எச்சரிக்கை வரும்? வீட்டுக்குப் போகுமுன் குளிப்பார், சட்டை மாற்றுவார், கிராம்பை மெல்லுவார், ஒவ்வோர் அடியையும் அளந்து வைப்பார். ஸ்பிரிட் வாசனை போயிற்று. கண்ணின் சிவப்பு மறைந்தது. கையில் பாட்டில் இல்லை. அவர் நேராக நடந்து போவதைத் தெரு பார்த்துப் பார்த்து அதிசயித்தது.

"கவனிச்சியா? புட்டி விட்டுட்டான்யா!"

"ஆளே மாறிட்டானே. சட்டை என்ன, சீவின தலை என்ன!"

குடிக்காதபோது குடிகாரன் என்று சொன்ன அதே வாய்கள், குடிக்கத் தொடங்கியதும் உத்தமன் என்றன. சும்மா சொல்லக்கூடாது, இரண்டையும் ஒரே நம்பிக்கையோடுதான் சொன்னார்கள்.

செயலாளருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தான் அன்று கண்டிப்பாக நடந்துகொண்டதால்தான் ஒரு மனிதன் திருந்தினான் என்று அவர் தன்னைத்தானே பாராட்டிக்கொண்டார். மற்றவர்களும் பாராட்டவேண்டுமே என்று சங்க ஆண்டு விழாவில் அதை ஒரு நிகழ்ச்சியாகவே வைத்துவிட்டார். புட்டியை மேடையில் ஏற்றி, ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து, நேரத்தின் அருமை தெரிந்தவர் என்று கைகுலுக்கி, ஒலிபெருக்கியை நீட்டினார். புட்டி வரும் வழியிலேயே இரண்டு மடக்கு போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார், மேடை என்றால் பயம். பெண்கள் வரிசையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"நான் அப்பல்லாம் குடிச்சதே இல்லைங்க" என்றார்.

படபடவென்று கைதட்டல். "என்ன அடக்கம் பாருங்க!" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"நிஜமாத்தாங்க சொல்றேன். இப்பத்தான் ஒரு வருஷமா நான்..."

செயலாளர் ஒலிபெருக்கியை லாவகமாகப் பிடுங்கிக்கொண்டார். "ஒரு வருஷமா சுத்தமா இருக்காரு! ஒரு வருஷம்! இன்னொரு தடவை கை தட்டுங்க!"

அந்தக் கூட்டத்தில் அவர் சொல்ல வந்ததைப் புரிந்துகொண்டவள் ஒருத்திதான். அவளுக்குக் கொஞ்ச நாளாகவே உள்ளுக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய கதையெல்லாம் சொல்கிறவர், இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுகிறார். குளிக்காமல் கிட்டேயே வருவதில்லை. அதை அவள் மூக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பிடிக்காமல் ஒதுக்கி வைத்திருந்தாள். இப்போது மேடையிலிருந்தே வந்துவிட்டது. வாசலில் பக்கத்து வீட்டு அக்கா அவளைக் கட்டிக்கொண்டு, "உன் பொறுமைக்குக் கிடைச்ச பலன்டி! இனிமே உன் புருஷனை யாராவது குடிகாரன்னு சொல்லட்டும், நான் பேசிக்கறேன்" என்றாள். அவளுக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கடிகாரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் கேட்டாள். "ஊரே குடிக்கிறான்னு சொன்னப்ப நான் ஒருத்தி இல்லைன்னு சண்டை போட்டேன். இப்ப ஊரே இல்லைங்குது. நான் என்னன்னு சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க."

  அவள் திட்டியிருந்தால் புட்டி தாங்கியிருப்பார். அவள் தையல் மிஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுததுதான் தாங்கவில்லை. உள்ளே போய், துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததை எடுத்துவந்து, அவள் கண்ணெதிரே கழிவுநீர்க் குழாயில் கவிழ்த்தார். "இனிமே இல்லை. நம்பு" என்றார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

ஊர் பாராட்டி முடித்த பிறகுதான் அந்த மனிதர் திருந்தினார். கை நடுக்கமும் தூக்கமில்லாமையுமாகச் சில வாரங்கள் சித்திரவதைப் பட்டார். எப்போதோ திருந்திவிட்டவருக்கு யார் இப்போது ஆறுதல் சொல்வார்கள்? மாடி அறை நண்பர்கள், "பெரிய மனுஷனாயிட்டாரு, கடிகாரமெல்லாம் வாங்கிட்டாரு" என்று கைகழுவிவிட்டார்கள். மனைவிதான் பக்கத்திலேயே இருந்தாள். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு சொட்டுத் தொடவில்லை.

அப்போது செயலாளர் பெருந்தன்மையோடு ஆள் அனுப்பினார். சங்கத்தின் கூட்ட அரங்குக்கு மரப்பலகை அடித்திருக்கிறார்கள். அரங்கு முழுவதுக்கும் பாலிஷ் போடவேண்டும். திருந்தியவனுக்கு வாழ்வு கொடுக்கவேண்டும் அல்லவா? புட்டிக்குப் பழைய தொழில் திரும்பக் கிடைக்கிற சந்தோஷம். ஆனாலும் இந்தத் தடவை உஷாராக முதலிலேயே சொல்லிவிட்டார்.

"சார், ஒண்ணு சொல்லிடறேன். இந்த வேலையில ஸ்பிரிட் வாசனை வரும். கண்ணு சிவக்கும், தலை சுத்தும். கதவைச் சாத்திட்டு வேலை செய்யறதால வர்றது. தப்பா நினைச்சுக்கக் கூடாது."

"அட, எனக்குத் தெரியாதாப்பா? நான் எத்தனை பேரைப் பாத்தவன்! தைரியமா செய்" என்று செயலாளர் தோளைத் தட்டினார்.

முதல் நாள் காலை முதல் சாயங்காலம்வரை, ஜன்னல்களைச் சாத்தி, விசிறிகளை நிறுத்தி, புட்டி அந்த அரங்கின் ஒரு பக்கச் சுவரை முடித்தார். நீண்ட நாள் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் ஆவி வழக்கத்தைவிட அதிகமாகவே தலைக்கேறிவிட்டது. கதவைத் திறந்து வெளியே வந்ததும் காற்று முகத்தில் அடித்தது. இரண்டு அடி வைத்தார்; மூன்றாவது அடி வேறெங்கோ போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் பிராந்தி பாட்டில்.

செயலாளர் எதிரே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த துக்கத்தைச் சொல்லி மாளாது. புட்டி முன்பே சொன்னதெல்லாம் அவருக்கு நினைவிருந்ததா என்று கேட்காதீர்கள். நன்றாகவே நினைவிருந்தது.

"அதுக்குத்தான் முன்ஜாக்கிரதையா சொல்லி வெச்சியா? சே! கடிகாரம்கூடக் கொடுத்தோமேப்பா உனக்கு!"

"சார், நான்தான் சொன்னேனே, இது..."

"போதும், போய்த் தூங்கு. காலையில பேசிக்கலாம்."

வாசலில் காவலாளி, யாரும் சொல்லாமலே, வெளியே போகிறவரை நிறுத்தி முகர்ந்தார். அவருக்கும் பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்துவிட்டது. டீக்கடையில், "எனக்கு அப்பவே தெரியும்" என்று ஒரே சமயத்தில் நான்கு பேர் சொன்னார்கள். கடிகாரத்தைத் திருப்பி வாங்குவதா வேண்டாமா என்று ஐந்தாவது ஆள் கேட்டார். சேதிக்கு மட்டும் தள்ளாட்டமே கிடையாது. புட்டி சுவர் சுவராகப் பிடித்துத் தெருவைக் கடப்பதற்குள் அது அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவே நேரில் போய், கண்ணீரோடு சொல்லிவிட்டு வந்தாள்.

புட்டி எதையும் பொருட்படுத்தவில்லை. தலைதான் சுற்றியது, மனசு தெளிவாக இருந்தது. ஊர் பழைய இடத்துக்கே போய்விட்டது, போகட்டும். தானும் பழைய இடத்துக்கே வந்துவிட்டோம், அதுதான் முக்கியம். சொல்லப்போனால் அவருக்கு உள்ளுக்குள் சிரிப்புக்கூட வந்தது. வீட்டுக்குப் போனால் அவள் மிஷினிலிருந்து தலையைத் தூக்குவாள், முதலில் காற்றாட உட்காருங்கள் என்பாள். அதை நினைத்துக்கொண்டே படியேறினார்.

மிஷின் ஓடவில்லை. அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது, ஒரு கை நிலைச்சட்டத்தில் இருந்தது.

"வேலை வாசனைதான்" என்றார் புட்டி. "முதல் நாள் இல்லையா, கொஞ்சம் ஏறிடுச்சு."

 அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். பிறகு, அவளுக்கே தெரியாமல், லேசாக முன்னால் சாய்ந்தாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்து மனசு என்ன ஏதென்று கலங்குவதற்குள், இத்தனை வருடப் பழக்கத்தில், மோவாய் தானாக மேலே எழும்பியது, வாய் திறந்தது, அவள் முகத்துக்கு நேராக அவர் ஊதினார்.

அவள் கண்ணை மூடி ஒரு கணம் நின்றாள். பிறகு கையை நிலையிலிருந்து எடுத்தாள்.

"சரி," என்றாள். "உள்ள வாங்க."